நேர்மறை மனப்பாங்கு: எந்த வழியை முதலில் எடுப்பது?

மனதைக் கொஞ்சம் நிமிர்த்திக்கொள்ள வேண்டும் என்று ஒருவர் முடிவு செய்கிறார். சின்னச் சறுக்கலுக்கெல்லாம் துவண்டு போகக் கூடாது, பொறுப்பு கூடும்போது பதறக் கூடாது, கூட இருப்பவர்களுக்குத் தெம்பு தருகிற ஆளாக இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறார். நியாயமான ஆசைதான். எங்கே தொடங்குவது என்று விசாரித்தால் ஆளுக்கொரு வழி சொல்கிறார்கள். தினமும் காலையில் நல்ல வாசகங்களைச் சொல்லிக்கொள்ளுங்கள் என்கிறார் ஒருவர். நன்றி டைரி எழுதுங்கள் என்கிறார் இன்னொருவர். எண்ணங்களை ஆராயுங்கள், இலக்கைக் கண்முன் கொண்டுவந்து பாருங்கள், யோசிப்பதை நிறுத்திவிட்டு வேலையில் இறங்குங்கள் என்று அறிவுரைகள் நீள்கின்றன. எல்லாவற்றையும் ஒன்றாகத் தொடங்கினால் எதுவுமே நிலைக்காது. முதலில் ஒன்றைத்தான் எடுக்க முடியும்.

என் தீர்ப்பை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் மனம் எந்த இடத்தில் சறுக்குகிறதோ, அந்த இடத்துக்கு உரிய வழியை எடுங்கள். அதைக் கண்டுபிடிக்க முடியவில்லை, பொதுவாக ஒன்றைச் சொல் என்று கேட்டால், தடையை நேருக்கு நேர் பார்த்துத் திட்டமிடும் முறையை முதலில் வைப்பேன். உற்சாக வாசகங்களைக் கடைசியில் வைப்பேன். நாலு பேருக்குப் பொறுப்பான இடத்தில் இருப்பவர் என்றால் கூடுதலாக ஒரு நிபந்தனையும் உண்டு. அதைப் பின்னால் விரிவாகப் பார்க்கலாம்.

ஒப்பிடுவதற்கு முன் அளவுகோல் வேண்டும். தோல்வியை ஒருவர் தனக்குத் தானே எப்படி விளக்கிக்கொள்கிறார் என்பதை உளவியலாளர் மார்ட்டின் செலிக்மன் நீண்ட காலம் ஆராய்ந்தார். அதில் மூன்று கேள்விகள் அடங்கியிருக்கின்றன. இது எப்போதும் இப்படித்தானா, இப்போது மட்டுமா? என் வாழ்க்கை முழுவதுமா, இந்த ஒரு விஷயமா? காரணம் முழுக்க நான்தானா, வேறு எதுவும் சேர்ந்ததா? "எப்போதும், எல்லாவற்றிலும், என்னால்தான்" என்று பதில் சொல்லிப் பழகிய மனம் அடுத்த முயற்சிக்கு எழ மறுக்கும். ஆகவே நான் பார்ப்பது இரண்டைத்தான். அடி விழுந்த பிறகு இந்த வழி உங்களைச் சீக்கிரம் வேலைக்குத் திருப்புகிறதா? அப்படித் திருப்பும்போது உண்மையைப் பார்க்கும் கண்ணைத் திறந்தே வைத்திருக்கிறதா? முதலாவது மட்டும் இருந்தால் அது அசட்டுத் துணிச்சல். இரண்டாவது மட்டும் இருந்தால் ஓயாத கவலை.

உற்சாக வாசகங்கள்

"என்னால் முடியும்", "நான் வெற்றியாளன்" என்று தினமும் சொல்லிக்கொள்வது மிக எளிது, செலவே இல்லை. அதனால்தான் எல்லோரும் முதலில் இதைப் பரிந்துரைக்கிறார்கள். ஆனால் யாருக்கு இது மிகவும் தேவைப்படுகிறதோ அவருக்கே இது எதிராகத் திரும்புகிறது. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோஆன் வுட், சக ஆய்வாளர்களோடு சேர்ந்து 2009-இல் வெளியிட்ட ஆய்வு இதைக் காட்டியது. "நான் அன்புக்குரிய மனிதர்" என்ற வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லச் செய்தார்கள். ஏற்கெனவே தன்மதிப்பு நன்றாக இருந்தவர்களுக்குக் கொஞ்சம் நல்ல உணர்வு கிடைத்தது. தன்மதிப்பு குறைவாக இருந்தவர்கள், அந்த வாக்கியத்தைச் சொல்லாதவர்களை விட மோசமாக உணர்ந்தார்கள்.

யோசித்துப் பார்த்தால் இது புரியாத விஷயம் இல்லை. மனம் நம்பாத ஒன்றை வாய் சொன்னால் மனம் சும்மா இருப்பதில்லை, எதிர்வாதம் செய்கிறது. "நான் துணிச்சல்காரன்" என்று சொன்ன மறுகணமே, துணிச்சல் இல்லாமல் நின்ற இடங்களை எல்லாம் அது வரிசையாக எடுத்து வைக்கும். அதற்குப் பதில் சொல்லச் சான்று இல்லாதவர் முன்பை விடச் சோர்ந்து போகிறார். அப்புறம், வாசகம் சொல்லியும் மாறவில்லையே என்று தன்மீதே இன்னொரு குறையும் சேர்த்துக்கொள்கிறார். இது எனக்கு மிகவும் வருத்தம் தருகிற விஷயம். பழி முறையின் மீது விழ வேண்டும், மனிதர் மீது அல்ல.

தனக்குத் தானே பேசுவதே வீண் என்று இதற்கு அர்த்தம் இல்லை. இரண்டு மாற்றங்கள் பலன் தருகின்றன. ஒன்று, உங்களுக்கு எது முக்கியம் என்பதைப் பற்றிச் சில நிமிடங்கள் எழுதுவது. நேர்மை, குடும்பம், கற்றல், எதுவானாலும் சரி, அது ஏன் முக்கியம், எப்போது அதன்படி நடந்தீர்கள் என்று எழுத வேண்டும். 1988-இல் கிளாட் ஸ்டீல் முன்வைத்த கருத்திலிருந்து வளர்ந்த பயிற்சி இது. இங்கே மனம் எதிர்வாதம் செய்ய இடமில்லை, ஏனென்றால் நீங்கள் எழுதுவது உண்மை. விமர்சனத்தைத் தாங்கிக் கேட்கும் நிதானம் இதனால் கூடுகிறது. இன்னொன்று, ஈதன் கிராஸும் அவருடைய குழுவினரும் 2014-இல் காட்டியது. பதற்றமான நேரத்தில் "நான்" என்று யோசிக்காமல், தன் பெயரைச் சொல்லி அழைத்து, ஒரு நண்பரிடம் பேசுவதுபோல் தன்னிடம் பேசியவர்களுக்கு மேடைப் பதற்றம் குறைந்தது. நேர்காணலுக்கோ பெரிய மீட்டிங்குக்கோ போகும் முன் வாசற்படியில் நிற்கும்போது உதவுகிற கருவி இது. அன்றாட வழிமுறையாக மட்டும் இதை நம்பியிருக்க முடியாது.

நன்றி டைரி

ராபர்ட் எம்மன்ஸும் மைக்கேல் மெக்கலோவும் 2003-இல் வெளியிட்ட ஆய்வுகளில் ஒன்று 10 வாரம் நடந்தது. ஒரு குழு வாரத்துக்கு ஒரு முறை நன்றிக்குரிய விஷயங்களை எழுதியது, இன்னொரு குழு எரிச்சல் தந்தவற்றை எழுதியது, மூன்றாவது குழு நடந்தவற்றைப் பொதுவாக எழுதியது. நன்றி எழுதியவர்கள் தங்கள் வாழ்க்கையை மற்றவர்களை விட நல்லவிதமாகப் பார்த்தார்கள், வரும் வாரத்தை நம்பிக்கையோடு எதிர்நோக்கினார்கள். இதில் கவனிக்க வேண்டியது வாரத்துக்கு ஒரு முறை என்பதைத்தான். சோன்யா லியுபோமிர்ஸ்கியின் குழு பின்னர் ஒப்பிட்டுப் பார்த்தபோதும், வாரத்துக்கு மூன்று முறை எழுதியவர்களுக்கு இல்லாத பலன் ஒரு முறை எழுதியவர்களுக்குக் கிடைத்தது. தினமும் எழுதினால் சீக்கிரமே கை எழுதும், மனம் அங்கே இருக்காது.

இதன் பலம் மென்மையானது. எல்லாம் ஓரளவு சரியாகப் போகிறது, ஆனாலும் எதிலும் நிறைவு இல்லை என்கிறவருக்கு நன்றாகப் பொருந்தும். ஒரு குறிப்பிட்ட பிரச்சனையில் மாட்டியிருப்பவரை இது வெளியே எடுக்காது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். அநியாயம் நடக்கிற இடத்தில் "இருப்பதற்கு நன்றி சொல்லு" என்று ஒருவரிடம் சொல்வது அவர் வாயை அடைப்பதற்குச் சமம். உழைத்ததற்குக் கூலி வராதவருக்கும், தினமும் அவமதிக்கப்படுகிறவருக்கும் தேவை டைரி அல்ல.

எண்ணத்தை விசாரிப்பது

1950-களில் ஆல்பர்ட் எல்லிஸும் 1960-களில் ஏரன் பெக்கும் வகுத்த வழி இது. மனச்சோர்வு, பதற்றம் ஆகியவற்றுக்கு இன்று உலகெங்கும் தரப்படும் சி.பி.டி. (அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை) எனும் உளச்சிகிச்சைக்கு அடிப்படையும் இதுதான். நம்மை வீழ்த்துவது பெரும்பாலும் நடந்த சம்பவம் அல்ல, அதற்கு நாம் கொடுத்த விளக்கம் என்பது இதன் மையம்.

நீங்கள் கஷ்டப்பட்டுத் தயாரித்த திட்டத்தை மேலதிகாரியிடம் அனுப்புகிறீர்கள். "பார்க்கலாம்" என்று ஒரே சொல்லில் பதில் வருகிறது. அந்த நிமிடமே மனம் முடிவு கட்டிவிடுகிறது: "அவருக்குப் பிடிக்கவில்லை. எனக்கு இந்த வேலை வராது." இப்போது ஒரு தாளை எடுத்து நாலு பகுதியாகப் பிரியுங்கள். நடந்தது என்ன? ஒரு சொல் பதில் வந்தது, அவ்வளவுதான். நான் நினைத்தது என்ன? எனக்கு வராது என்று. அதற்குச் சான்று என்ன, எதிரான சான்று என்ன? போன முறை இதே ஆள் இதே சொல்லை அனுப்பிவிட்டு இரண்டு நாள் கழித்து ஒப்புதல் தந்திருக்கலாம். வேறு எப்படி எல்லாம் இதைப் புரிந்துகொள்ளலாம்? அவர் வேறொரு மீட்டிங்கில் இருந்திருக்கலாம், இன்னும் திறந்தே பார்க்காமல் இருந்திருக்கலாம், உண்மையிலேயே பிடிக்காமலும் போயிருக்கலாம். கடைசியில் சொன்னதையும் எழுத வேண்டும் என்பதுதான் இந்த முறையை நான் மதிப்பதற்குக் காரணம். இங்கே யாரும் இனிப்பு தடவுவதில்லை. பிடிக்கவில்லை என்பதே உண்மையானாலும் "எனக்கு இந்த வேலை வராது" என்ற முடிவுக்கு அது போதாது என்பது தாளில் கண்ணுக்குத் தெரியும்.

குறை என்ன? பழக நாளாகும். தனியாகச் செய்யும்போது சிலருக்கு ஆராய்ச்சியே அசைபோடுவதாக மாறிவிடும். ஒரே சம்பவத்தை நாலு நாள் தாளில் உழப்பிக்கொண்டிருந்தால் அது விசாரணை இல்லை. நம்பகமான ஒருவரோடு உட்கார்ந்து செய்வது நல்லது. உளவியல் ஆலோசகர் கிடைத்தால் இன்னும் நல்லது. ஒரு எண்ணத்துக்கு ஒரு தாள், ஒரு தடவை என்று எல்லை வைத்துக்கொண்டால் பெரும்பாலும் தப்பித்துவிடலாம்.

கனவும் தடையும்

இலக்கைக் கண்முன் காண்பது பற்றி நிறையப் பேசப்படுகிறது. இதில் கேப்ரியேல் எட்டிங்கனின் ஆய்வுகள் ஒரு முக்கியமான வேறுபாட்டைக் காட்டின. 1991-இல், உடல் எடை குறைக்கும் திட்டத்தில் சேர்ந்த பெண்களை வைத்து அவர் செய்த ஆய்வில், "என்னால் குறைக்க முடியும்" என்று எதிர்பார்த்தவர்கள் அதிக எடை குறைத்தார்கள். மெலிந்துவிட்டதாக இனிமையாகக் கற்பனை செய்தவர்கள் குறைவாகவே குறைத்தார்கள். எதிர்பார்ப்பும் கற்பனையும் ஒன்று இல்லை. எதிர்பார்ப்பு, கடந்த அனுபவத்திலிருந்து எழுகிறது. கற்பனையோ இலக்கை மனதுக்குள்ளேயே அடைந்துவிட்ட திருப்தியைத் தந்துவிடுகிறது. படித்து முடித்து வேலை தேடியவர்களிடமும் இதே போக்கு தெரிந்தது. நல்ல வேலை கிடைத்துவிட்டதாக அதிகம் கனவு கண்டவர்கள் குறைவாக விண்ணப்பித்தார்கள், அவர்களுக்கு வாய்ப்புகளும் குறைவாகவே வந்தன.

கனவை விட வேண்டியதில்லை. கனவு கண்ட கையோடு, என்னைத் தடுப்பது என்ன என்று கேட்க வேண்டும். அதுவும் எனக்குள் இருக்கிற தடை என்ன என்று. பிறகு பீட்டர் கோல்விட்சர் ஆராய்ந்த "இப்படி நடந்தால் இப்படிச் செய்வேன்" என்ற வடிவத்தில் ஒரே ஒரு வாக்கியம். இந்த வடிவம் பற்றிய 94 ஆய்வுச் சோதனைகளை அவரும் பாஸ்கல் ஷீரனும் 2006-இல் தொகுத்துப் பார்த்தபோது, வெறும் நோக்கம் மட்டும் வைத்திருந்தவர்களை விட இப்படித் திட்டமிட்டவர்கள் தெளிவாக முன்னே இருந்தார்கள்.

மீட்டிங்கில் பேசாமல் இருந்துவிடும் பழக்கத்தை மாற்ற நினைக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். விருப்பம், என் கருத்தைச் சொல்வது. கிடைப்பது, என் வேலை வெளியே தெரியும். தடை எது என்று கேட்டால் முதலில் "யாரும் வாய்ப்புத் தருவதில்லை" என்றுதான் வரும். இன்னும் கொஞ்சம் உள்ளே போனால், "முழுசாகத் தயாராகாமல் பேசினால் மாட்டிக்கொள்வேன்" என்ற பயம் அகப்படும். சரி, அதுதான் தடை. இப்போது வாக்கியம்: "இன்னும் தயாராகவில்லை என்று தோன்றினால், உடனே ஒரு கேள்வியாவது கேட்பேன்." அவ்வளவுதான். மனம் உற்சாகமாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையே இதில் இல்லை. பயம் வருகிற நொடியே செயலுக்கான நினைவூட்டலாக மாறிவிடுகிறது. இதை முதலிடத்தில் வைப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. தடை உண்மையிலேயே தாண்ட முடியாததாக இருந்தால் அதுவும் இதிலேயே தெரிந்துவிடும், அந்த ஆசையை விட்டுவிட்டு வேறொன்றுக்கு மனதைத் திருப்பலாம்.

இழப்பு, நோய் போல நம் கையில் எதுவும் இல்லாத துயரங்களுக்கு இந்த முறை ஒத்துவராது. அங்கே தேவை திட்டம் இல்லை, துணை.

முதலில் செயல்

இதைச் சுருக்கமாகவே சொல்லலாம். மனம் சரியானதும் எழுந்து செய்கிறேன் என்பதைத் தலைகீழாக்கி, செய்தால் மனம் பின்னாலே வரும் என்கிறது இந்த வழி. நீல் ஜேக்கப்சனின் குழு 1996-இல் மனச்சோர்வுச் சிகிச்சையைப் பகுதி பகுதியாகப் பிரித்துச் சோதித்தபோது, அன்றாடச் செயல்களை மீட்டெடுக்கும் பகுதி மட்டுமே முழுச் சிகிச்சைக்கு நிகராகப் பலன் தந்தது. தாளும் பேனாவும் எடுக்கவே தெம்பில்லாத நாளில் இதுதான் வழி. பத்து நிமிட நடை, ஒரு போன், ஒரு பக்கம். சிறிதாக இருந்தாலும் நேரம் குறித்துச் செய்ய வேண்டும்.

தலைமைப் பொறுப்பு வந்தால்

இதுவரை சொன்னது ஒருவர் தன் மனதை நடத்துவது பற்றி. ஒரு குழு உங்களைப் பார்த்து நடக்கத் தொடங்கினால் கணக்கு மாறுகிறது. உங்கள் முகவாட்டமும் தெம்பும் குழுவுக்குப் பரவும். அது பெரும்பாலும் தெரிந்ததே. அதிகம் பேசப்படாதது, உங்கள் நம்பிக்கையே மற்றவர்களின் வாயை அடைத்துவிடலாம் என்பது.

1986 ஜனவரி 28 அன்று அமெரிக்காவின் சேலஞ்சர் விண்கலம் புறப்பட்ட 73 நொடிகளில் சிதறி ஏழு பேர் இறந்தார்கள். அதற்கு முந்தைய இரவு, ராக்கெட் பூஸ்டரைத் தயாரித்த நிறுவனத்தின் பொறியாளர்கள், இந்தக் குளிரில் பூஸ்டரின் இணைப்புகளை அடைக்கும் ரப்பர் வளையங்கள் சரியாக வேலை செய்யாது, ஏவ வேண்டாம் என்று வாதாடினார்கள். அவர்களுடைய நிர்வாகமே கடைசியில் அந்தப் பரிந்துரையை மாற்றியது. ஏவுவது பாதுகாப்பானது என்று நிரூபிக்கும் சுமை யார் மீதும் விழவில்லை. ஆபத்து உறுதி என்று நிரூபிக்கும் சுமை சந்தேகம் எழுப்பியவர்கள் மீது விழுந்தது. கால நெருக்கடி உட்பட அதற்குப் பல காரணங்கள் உண்டு. ஆனால் எந்தத் தலைவரும் தன்னிடம் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இதில் இருக்கிறது: என் குழுவில் "வேண்டாம்" என்பவர்தான் எப்போதும் நிரூபிக்க வேண்டியிருக்கிறதா?

ஏமி எட்மண்ட்சன் 1990-களில் மருத்துவமனைக் குழுக்களை ஆராய்ந்தபோது, நன்றாக இயங்கும் குழுக்களில்தான் மருந்துத் தவறுகள் அதிகம் பதிவாகியிருந்தன. அந்தக் குழுக்கள் தவறுகளை மறைக்காமல் பேசின என்பதே அதற்கு அவர் கண்ட விளக்கம். மேலே இருப்பவர் எல்லாவற்றுக்கும் சிரித்த முகத்தோடு "பாசிட்டிவாக இருங்கள்" என்று சொல்கிற இடத்தில் அந்தப் பதிவேடு சுத்தமாக இருக்கும். தவறுகள் மட்டும் அப்படியே இருக்கும்.

நான் முன்னால் சொன்ன நிபந்தனை இதுதான்: தலைமையில் இருப்பவர் தேர்ந்தெடுக்கும் வழி, கெட்ட செய்தி உள்ளே வர இடம் விட வேண்டும். அந்தச் சோதனையில் உற்சாக வாசகங்கள் தோற்கின்றன. நன்றி டைரி தனிப்பட்ட முறையில் உதவும், குழுவுக்கு அது போதாது. எண்ணத்தை விசாரிப்பதும் கனவையும் தடையையும் சேர்த்துப் பார்ப்பதும் தேறுகின்றன. பின்னதன் குழு வடிவத்தை கேரி க்ளைன் 2007-இல் விவரித்திருக்கிறார். வேலை தொடங்கும் முன் எல்லோரையும் உட்கார வைத்து, "இந்தத் திட்டம் படுதோல்வி அடைந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள், ஏன் தோற்றது என்று எழுதுங்கள்" என்று கேட்பது. "ஏதாவது பிரச்சனை இருக்கா?" என்றால் எல்லோரும் இல்லை என்பார்கள். தோற்றுவிட்டது என்று ஏற்றுக்கொண்டு காரணம் கேட்டால், குறை சொல்வது துரோகம் என்ற பயம் விலகிப் பேச்சு வரும்.

உங்கள் குழுவில் எதற்கும் முதலில் ஆபத்தை யோசிக்கிற ஒருவர் இருப்பார். அவரைத் திருத்த முயல வேண்டாம். ஜூலி நோரம், நான்சி கேன்டர் இருவரும் 1986-இல் காட்டியபடி, மோசமானதை முன்கூட்டியே யோசித்துப் பதற்றத்தைத் தயாரிப்பாக மாற்றிக்கொள்ளும் ஆட்கள் உண்டு. அவர்களை "எல்லாம் நன்றாகவே நடக்கும்" என்று தேற்றினால் அவர்கள் செயல்திறன் குறைகிறது.

பாராட்டும் முறையும் இங்கே முக்கியம். கிளாடியா முல்லரும் கேரல் ட்வெக்கும் 1998-இல் வெளியிட்ட ஆய்வுகளில், "நீ புத்திசாலி" என்று பாராட்டப்பட்ட குழந்தைகள், உழைப்புக்காகப் பாராட்டப்பட்டவர்களை விட, ஒரு தோல்விக்குப் பிறகு சீக்கிரம் சோர்ந்தார்கள். திறமை வளரும் என்ற நம்பிக்கையை மட்டும் போதித்தால் பெரிய மாற்றம் வராது. அமெரிக்காவில் சுமார் 12,000 ஒன்பதாம் வகுப்பு மாணவர்களிடம் நடந்து 2019-இல் வெளியான ஆய்வில், பின்தங்கிய மாணவர்களின் சராசரி மதிப்பெண், 4 புள்ளி கொண்ட அளவுகோலில், 0.1 புள்ளி அளவில் உயர்ந்தது. உண்மையான பலன்தான், ஆனால் சிறியது. ஒரு தலைவர் பாராட்டும்போது "நீங்கள் கெட்டிக்காரர்" என்பதை விட, எந்த முடிவு சரியாக இருந்தது, எந்த மாற்றம் வேலை செய்தது என்று சொல்வது கேட்பவருக்கு நாளைக்குப் பயன்படும்.

எதை எடுப்பது

வேலையைத் தொடங்கவே தயங்குகிறவர் கனவும் தடையும் முறையை எடுக்கலாம். தொடங்கிவிடுவார், ஆனால் ஒரு அடி விழுந்ததும் தன்னைப் பற்றியே தீர்ப்பு எழுதிவிடுவார் என்றால் எண்ணத்தை விசாரிப்பதில் இறங்கலாம். எழவே முடியாத சோர்வு என்றால் செயலில் தொடங்க வேண்டும். அந்தச் சோர்வு இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்து, தூக்கமும் பசியும் கெட்டு, பிடித்தவை எதுவும் பிடிக்காமல் போனால் தாமதிக்காமல் மருத்துவரைப் பாருங்கள். வாழவே வேண்டாம் என்ற எண்ணம் எட்டிப் பார்த்தால் இரண்டு வாரம் என்ற கணக்கே வேண்டாம், உடனே ஒருவரிடம் சொல்லுங்கள். அது மன உறுதிக் குறைவு இல்லை, சிகிச்சை உள்ள நோய்.

21 நாளில் பழக்கம் வந்துவிடும் என்ற பேச்சை நம்பி அவசரப்பட வேண்டாம். லண்டனில் ஃபிலிப்பா லாலியின் குழு 2010-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு செயல் தானாக நடக்கும் பழக்கமாக மாறப் பொதுவாகச் சுமார் 66 நாள் ஆனது. ஆளைப் பொறுத்தும் பழக்கத்தைப் பொறுத்தும் அது 18 முதல் 254 நாள் வரை மாறியது. இடையில் ஒரு நாள் விட்டுப்போனதால் பெரிய கெடுதல் எதுவும் இல்லை.

இரண்டு மாதம் கழித்துப் பார்க்கும்போது, எவ்வளவு சந்தோஷமாக இருக்கிறேன் என்று கேட்டு அளக்காதீர்கள், அது அன்றைய பொழுதைப் பொறுத்து ஆடும். ஒரு சறுக்கலுக்குப் பின் அடுத்த உருப்படியான செயலைச் செய்ய எத்தனை நாள் ஆகிறது என்று பாருங்கள். குழுவை நடத்துகிறவர் என்றால், ஒரு தவறு நடந்ததற்கும் அது உங்கள் காதுக்கு வந்ததற்கும் இடையே எவ்வளவு நேரம் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். இரண்டும் குறைந்துகொண்டே வந்தால் எடுத்த வழியிலேயே தொடரலாம். குறையவில்லை என்றால் அடுத்த வழிக்கு மாறுங்கள்.